மாலினி விழவில்லை

கச்சிராயபாளையம் சாலையை அகலப்படுத்துகிறார்கள். இன்று காலை பேருந்தில் போகும்போது வலப்பக்கத்துப் புளியமரங்களை இயந்திர ரம்பம் வைத்து அறுத்துச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தார்கள். ஜன்னல் வழியாகப் பச்சை மரம் அறுபட்ட வாடை உள்ளே வந்தது. மற்றவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ போன நாளிலிருந்து அழாதவள் இன்று அத்தனை பேர் நடுவில் அழுதிருப்பேன். கோபம் வந்து காப்பாற்றிவிட்டது. உன் நினைவு எனக்கு எப்போதுமே கோபத்தோடுதான் வரும். அதற்கு நீதான் பொறுப்பு.

நாம் சந்தித்த வருடமும் இதே சாலையில் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. அன்று அவற்றை வெட்டிப் போட்டவர்கள் எங்கள் வீட்டு ஆண்கள்.

படிப்பிலும் வேலையிலும் எங்கள் சாதிக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று ஊர் ஊராக மறியல் நடந்துகொண்டிருந்த காலம். என் அண்ணன் பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் அப்பாவின் கரும்புத் தோட்டத்தில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். அவர் கேட்டதில் எனக்கு அன்றும் மாற்றுக் கருத்து இல்லை, இன்றும் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். சென்னையில் உளவியல் படித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, 'பைத்தியக்கார டாக்டருக்குப் படிச்சிட்டு வந்துகீது' என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஊர் அணைக்குக் கீழே இருந்த பழைய கொட்டகைகளில் இலங்கையிலிருந்து வந்த உங்கள் ஆட்களை வைத்திருந்தார்கள். அந்த முகாமில் ஒரு தொண்டு நிறுவனம் எனக்கு வேலை கொடுத்தது. பெண்களைப் பேசவைத்து ஆறுதல் சொல்ல வேண்டும். அதுதான் வேலை என்றார்கள்.

முதல் நாள் நீ என் எதிரில் வந்து உட்கார்ந்தது நன்றாக நினைவிருக்கிறது. என் வயதுதான் உனக்கும் இருக்கும். மன்னாரிலிருந்து படகில் வந்தவள், கணவன் என்ன ஆனான் என்று தெரியாதவள் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி மெல்லிய குரலில், "ராத்திரி தூக்கம் வருதாங்க?" என்று கேட்டேன்.

"இல்லை மிஸ்."

"படுத்தா மனசுல என்ன ஓடுது?"

"கூரை ஒழுகுது மிஸ். பாயெல்லாம் ஈரம். அதுதான் நித்திரை வரேல்லை. அதுக்கு உங்களிட்டை மருந்து இருக்கே?"

உன் முகத்தில் சிரிப்பே இல்லை. மறுநாள் முகாம் அதிகாரியிடம் போய்க் கூரையைப் பற்றிக் கேட்டேன். "அது உங்க வேலை இல்லையேம்மா" என்றார். அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு என் வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேர் சொல்லக் கேட்டுவிட்டேன்.

கூரை வேய நாங்கள் இரண்டு பேரும் அலைந்த நாட்களில்தான் நீ என்னை 'மிஸ்' என்பதை விட்டு 'நீர்' என்று கூப்பிட ஆரம்பித்தாய். எங்கள் ஊரில் அப்படி யாரும் பேச மாட்டார்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்கிறதெண்டால் சிரியும். சிநேகிதியை நாங்கள் அப்பிடித்தான் கூப்பிடுறது" என்றாய். எனக்கு அதற்கு முன்னால் சிநேகிதி என்று சொல்ல யாரும் இருந்ததில்லை. அதை உன்னிடம் நான் சொன்னதில்லை.

முகாமில் இருந்தவர்கள் கரும்பு வெட்டக் கூலிக்குப் போனார்கள். ஒரு மேஸ்திரிதான் கூட்டிக்கொண்டு போவார். எங்கள் ஊர்க்காரர், எங்கள் சாதிக்காரர், அப்பாவுக்கு வேண்டப்பட்டவர். எங்கள் சாலையில் மறியல் தொடங்குவதற்கு முந்தின நாள் அவர் வெட்டு நடந்த தோட்டத்தில் உங்கள் முகாம் பெண் மாலினியை மட்டும் தனியாக உள்பாத்திக்கு அனுப்பிப் பின்னாலேயே போனார். மாலினிக்கு அப்போது பத்தொன்பதோ இருபதோ. அவர் கையைக் கடித்துவிட்டுத் தப்பித்து ஓடினாள். துரத்திப் பிடித்து, கரும்புக் கட்டு தூக்கும் தடியால் அடித்தார். கை ஒடிந்தது. சத்தம் கேட்டு மற்ற பெண்கள் வந்தபோது, "வரப்புல வுழுந்துட்டா, தூக்குங்க" என்றாராம்.

அன்று சாயங்காலம் நீங்கள் அவளைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தீர்கள். விடிந்தபோது பேருந்து இல்லை, லாரி இல்லை, சாலை முழுக்க மரம். மாலினியின் கையில் மூங்கில் சிம்பு வைத்துப் புடவைக் கிழிசலால் கட்டியிருந்தாய். கையைத் தூக்கிப் பார்க்கக்கூட விடாமல் துடித்தாள்.

"கள்ளக்குறிச்சிக்கு நடப்பம்" என்றாய்.

"பெரியாஸ்பத்திரிக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு. பிறகு பொலிஸுக்கு."

பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கிளம்பினார்கள். நானும் கிளம்பினேன். கச்சிராயபாளையத்தைத் தாண்டியதும் முதல் மரம். அதன் மேல் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என் அண்ணன்.

அவருக்குக் கோபம் வரவில்லை முதலில். ஆச்சரியம்தான் வந்தது. "இன்னாம்மா இது, இவங்களோட எங்க போய்க்கினு இருக்கற?"

"இந்தப் பொண்ணுக்குக் கை ஒடஞ்சிருக்குதுண்ணா. ஆஸ்பத்திரிக்கு."

"அதுக்கு இத்தினி பொம்பளைங்க எதுக்கு?"

நான் பதில் தேடுவதற்குள் நீ சொல்லிவிட்டாய். "பொலிஸுக்கும் போறம் அண்ணை. அடிச்ச ஆளின்ரை பேரைச் சொல்ல."

"யாரு அடிச்சது?"

சொன்னாய். மரத்தைச் சுற்றி நின்றவர்களின் தலைகள் வேலிப் பக்கம் திரும்பின. மறியலுக்கு வந்தவர்களுக்கு அன்று காலையிலிருந்து சோறு போட்டுக்கொண்டிருந்தவர் அந்த மேஸ்திரிதான். சோற்று அண்டா சற்றுத் தள்ளி வேலியோரம் புகைந்துகொண்டிருந்தது.

அண்ணன் இறங்கி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "இதோ பாருங்க. இன்னைக்கிப் போயி அந்த ஆளு மேல கேஸ் குடுத்தீங்கன்னா, போராட்டத்தைக் கெடுக்கறதுக்குன்னே குடுத்ததா ஆயிடும். ஏற்கெனவே எங்க ஆளுங்களப் புடிச்சிக்கினு போறானுங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க, வேணான்னு சொல்லல. கேஸை மட்டும் நாலு நாள் பொறுத்துக் குடுங்க."

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே?" என்றாய். "உங்கட ஆக்களுக்குப் படிப்பும் வேலையும் கிடைக்கேல்லை எண்டுதானே றோட்டிலை நிக்கிறீங்கள்?"

"ஆமா."

"இதுக்கு முந்தி உங்களைப் பொறுக்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார்.

"சொல்லியிருப்பினம். பொறுத்தது காணும், இனி ஏலாது எண்டுதானே மரத்தைத் தறிச்சுப் போட்டனீங்கள். பிறகேன் எங்களைப் பொறுக்கச் சொல்லுறியள்?"

கூட்டத்தில் ஒரு பெரியவர், "வுடுப்பா, பொம்பளைங்க போவட்டும்" என்றார். அண்ணன் வழிவிடவில்லை. வழி மறிக்கவும் இல்லை. நீ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளைகளுக்கு நடுவே ஏறினாய். மேலே நின்று கையை நீட்டினாய். மாலினியைக் கீழேயிருந்து நான் தாங்க, மேலேயிருந்து நீ இழுக்க, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கினாள். ஒவ்வொருவராக எல்லோரும் ஏறி இறங்கினார்கள். கடைசியில் நான் காலை வைத்தபோது அண்ணன் என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இவங்க கூட அந்தப் பக்கம் எறங்கிட்டீனா வூட்டுக்கு வராத."

நான் இறங்கினேன். நீ என் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, புடவையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாய். வேறு எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் வழியெல்லாம் மரங்கள்தான். எத்தனை ஏறினோம் என்று தெரியாது.

பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். ஸ்டேஷனில் எழுத்தர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மறியல் பந்தோபஸ்துக்கே ஆளு இல்ல. அகதிங்கன்னா முகாம் அதிகாரி கடுதாசி குடுக்கணும். வாங்கிக்கினு வாங்க" என்றார். வந்த வழியே திரும்பினோம்.

முகாம் அதிகாரி கடுதாசி தரவில்லை. அதற்குப் பதிலாக என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வரவழைத்தார். "நீங்க படிச்சவங்க. அந்தப் பொண்ணு சண்டையெல்லாம் பாத்துட்டு வந்திருக்குது. மனசு கலங்கியிருக்கும். இல்லாததெல்லாம் நடந்த மாதிரி தோணும். வரப்புல விழுந்தது யாரோ அடிச்ச மாதிரி தோணும். அப்படி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அந்தப் பொண்ணுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது."

நான் படித்த படிப்புக்கு எங்கள் ஊர் கொடுத்த முதல் மதிப்பு அது. ஒரு பெண்ணின் வாயை அடைக்க அது உதவும் என்று ஒருவர் கண்டுபிடித்திருந்தார். "அவ மனசுல கலக்கம் எதுவும் இல்லைங்க சார். கைதான் ஒடஞ்சிருக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். உன்னிடம் வந்து சொன்னேன். "எங்களுக்குப் பைத்தியம் இல்லை. எங்களுக்கு நடந்ததுக்குத்தான் பைத்தியம்" என்றாய். நான் பிறகு படித்த எந்தப் புத்தகமும் அதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

மறுநாள் ஆள் கணக்கு எடுக்கும் நாள். குடும்பத்துக்கு ஒருவர் வரிசையில் நின்று, பேரைக் கூப்பிட்டதும் 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லாத குடும்பத்துக்கு அந்த மாதம் பணமும் அரிசியும் கிடையாது. அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்து உன் பேரைக் கூப்பிட்டார்.

நீ வரிசையில் முன்னால்தான் நின்றாய். "நான் விழுந்து போனன் சேர்" என்றாய்.

"இன்னா?"

"வரப்பிலை விழுந்து போனன். ஆள் இல்லை."

அவர் உன்னை முறைத்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். அடுத்தவள் நடுத்தர வயதுப் பெண். பேசவே பயப்படுகிறவள். என் அறையில் பல நாள் வந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனவள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நானும் விழுந்திட்டன்" என்றாள். அதற்கடுத்தவளும் விழுந்திருந்தாள். பேர் பேராகக் கூப்பிட்டுக்கொண்டே போனார். எல்லாப் பெண்களும் விழுந்தார்கள். கொட்டகை ஓரம் நின்ற ஆண்களில் சிலருக்கு முகம் சுண்டிப் போனது. சிலர் வந்து வரிசையில் நின்று தாங்களும் விழுந்ததாகச் சொன்னார்கள்.

"சோத்துக்கு இன்னா பண்ணுவீங்க?" என்று அதிகாரி கத்தினார்.

"மாலினி விழேல்லை எண்டு நீங்கள் எழுதுங்கோ. நாங்கள் எல்லாரும் எழும்பி வாறம்" என்றாய்.

பட்டினி நாட்கள் அவை. மறக்கக் கூடாதென்று சொல்கிறேன். வீட்டில் சேர்க்காததால் நானும் உங்கள் கொட்டகையில்தான் இருந்தேன். அடிவாரத்துத் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் குடும்பங்களிலிருந்து பெண்கள் மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து போட்டுவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். அந்த மேஸ்திரியை அவர்களுக்கும் தெரியும். எங்களுக்கு முன்னாலிருந்தே தெரியும். முகாமுக்குள்ளேயே உன்னைத் திட்டினார்கள். குழந்தைக்காரி ஒருத்தி, "உன்ரை வீம்புக்கு என்ரை பிள்ளை பட்டினி" என்று அழுதாள். நீ பதில் பேசாமல் உன் பங்குக் கிழங்கை அவளிடம் கொடுத்தாய். அவள் வாங்கித் தூர எறிந்தாள். நீ போய்ப் பொறுக்கிக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி கொடுத்தாய்.

சாலை திறந்ததும் மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். பேர்ப் பட்டியலில் ஒருவர்கூட இல்லாத முகாம் ஏன் என்று அவர் தன் மேலிடத்துக்கு விளக்கியாக வேண்டிய நிலை. மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மாலினியைக் கூப்பிட்டார். அவள் யாரையும் பார்க்காமல், நிறுத்தாமல், நடந்ததைச் சொன்னாள். அன்றே புகார் பதிவானது.

வழக்கு இழுத்தது. கடைசியில் கிடைத்த தண்டனை கொஞ்சம். மாலினியின் கை முழுசாக நிமிரவே இல்லை. இது பெரிய வெற்றிக் கதை இல்லை என்று உனக்கும் தெரியும். ஆனால் அந்த ஆள் அதற்குப் பிறகு யாரையும் கரும்பு வெட்டக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவர் கூப்பிட்டு யாரும் போகவில்லை. உன்னைத் தண்டனையாகத் தெற்கே வேறொரு முகாமுக்கு மாற்றினார்கள். என்னை நிறுவனம் வேலையிலிருந்து எடுத்தது. "உங்களை ஆறுதல் சொல்லத்தானே வெச்சோம்" என்றார்கள், உண்மையிலேயே வருத்தத்தோடு.

கள்ளக்குறிச்சியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்தேன். அடிபட்ட பெண்களுக்காக நான் செய்த வேலை முழுவதும் அங்கிருந்துதான் நடந்தது. முகாம்களில் இருந்து வந்தார்கள். கல்வராயன் மலையிலிருந்து, செம்மரம் வெட்ட வெளி மாநிலத்துக்குப் போய்த் திரும்பாத புருஷன்களைத் தேடிக்கொண்டு பெண்கள் இறங்கி வந்தார்கள். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய் அடிபட்டுத் திரும்பியவர்கள் வந்தார்கள். பல வருடம் கழித்து, உனக்கு வெளியே தங்க அனுமதி கிடைத்தபோது, நீயும் ஒரு பையோடு வந்து நின்றாய். "இஞ்சை கூரை ஒழுகாதே?" என்று கேட்டாய்.

அதற்குப் பிறகு எத்தனை சண்டை நமக்குள். ஒரு பெண் அழுதால் அழவிட வேண்டும் என்பேன் நான். அழுது முடிக்கட்டும், அதற்குள் பொலிஸுக்குப் போக வண்டியை வரச் சொல்லும் என்பாய் நீ. வருகிறவர்கள் கதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்த நீ, உன் கதையை என்னிடம் சொல்லவே இல்லை. ஒரு மழை நாளில் அறையில் நாம் மட்டும் இருந்தபோது மன்னாரைப் பற்றி மெல்லக் கேட்டேன். நீ என்னைக் கூர்ந்து பார்த்தாய். "நீர் என்னைக் கேஸ் ஆக்காதேயும்" என்றாய். பிறகு எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாய், வாயில் வைக்க முடியாத இனிப்போடு. நான் குடித்தேன்.

அண்ணன் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். அதுவரை அவர் என்னோடு பேசியதில்லை. அப்பா சாவுக்குப் போனபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டவர். அவருடைய மகளைத் திருக்கோவிலூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் நெற்றியில் தையலோடு வந்து நின்றாள். இவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றார். நீதான் எழுந்து போனாய்.

"உள்ளை வாங்கோ அண்ணை" என்றாய். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாய். பிறகு அவர் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் கேட்டாய்: "கேஸ் குடுக்க நாலு நாள் பொறுக்கலாமோ?"

இப்போது போய் இப்படிக் கேட்கிறாளே என்று எனக்கு இருந்தது. அண்ணன் குனிந்து செருப்பைக் கழற்றினார். பிறகு, "இல்லம்மா. இன்னைக்கே போவலாம்" என்றார். அவர் மகளை அழைத்துக்கொண்டு போன ஆட்டோவில் நீ அவளுக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்து போனாய். அன்று திரும்பி வந்த பிறகு, ஏன் அப்படிக் குத்தினாய் என்று நான் உன்னைத் திட்டினேன். "குத்தேல்லை. அந்தாளிட்டைப் பதில் ஒண்டு இருந்தது. கேட்டு வாங்கினனான்" என்றாய். அந்த விஷயத்தில் யார் சரி என்று எனக்கு இன்னும் தெரியாது. அண்ணன் அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் முதலில் உன்னைத்தான் கேட்பார்.

சிறுநீரகம் கெட்டுப் போய் நீ படுத்த பிறகும் குடியுரிமைக்கு எழுதிக்கொண்டே இருந்தாய். இந்த மண்ணில் முப்பது வருடத்துக்கும் மேலாக உழைத்தவளுக்கு ஒரு பதிலும் வரவில்லை. 'பொறுத்திருக்கவும்' என்பதைப் பதில் என்று நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். நீ எந்த நாட்டுக்காரியாகவும் இல்லாமல் போனாய்.

சுடுகாட்டுக்குப் பெண்கள் வரக் கூடாது என்று வழியில் ஒருவர் சொன்னார். மாலினி பாடையின் முன்பக்கத்தை நிமிராத கையாலேயே பிடித்திருந்தாள். நடையைக்கூட நிறுத்தாமல், "அப்ப நீங்க புடிங்க, நாங்க கூட வரோம்" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாகிவிட்டது. அந்த ஆள் ஒதுங்கிக்கொண்டார். கொள்ளியும் அவள்தான் வைத்தாள்.

போன மாதம் ஒரு கல்லூரியில் என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். என் பொறுமையைப் பாராட்டிப் பேசினார்கள். மேடையிலேயே சொல்லிவிட்டேன், எனக்குப் பொறுமை கிடையாது, இருந்ததையும் ஒருத்தி பிடுங்கிக்கொண்டாள் என்று. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

நேற்று ஒரு பெண் வந்தாள். ஒடிசாவிலிருந்து மில் வேலைக்கு வந்தவள். சூப்பர்வைசர் அவளை அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறான், சுவரேறிக் குதித்து வந்திருக்கிறாள். அவள் மொழி எனக்குத் தெரியாது. என் மொழி அவளுக்குத் தெரியாது. கை ஜாடையிலும் பாதி இந்தியிலும் விஷயத்தை வாங்கிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புதிதாக வந்த சப் இன்ஸ்பெக்டர். நல்ல பையன்தான். எழுந்து நாற்காலி போட்டார்.

"மேடம், கம்பெனிக்குப் போன் போட்டுப் பேசிட்டு, நாளைக்கி வரச் சொல்றேனே."

"இன்னைக்கே எழுதுங்க சார்."

"வெளி மாநிலப் பொண்ணு மேடம். அட்ரஸ் கெடையாது, ஆளு கெடையாது. நாளைக்கிக் கேஸு நடக்கறப்ப எங்க போய்த் தேடறது?" என்றவர், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "இந்தப் பொண்ணு உங்களுக்கு இன்னா வேணும்?"

அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊருப் பொண்ணு சார்" என்றேன். "அட்ரஸுக்கு என் வூட்ட எழுதுங்க."